ஒரு கீறலுக்கு இரண்டு நாள் வைத்தியம்

நான் கீறல் இல்லாமல் கார் ஓட்டியது மொத்தம் பத்தொன்பது நாள். இருபதாம் நாள் காலை எங்கள் சந்திலிருந்து ரிவர்ஸ் எடுத்தபோது, எதிரே இருக்கும் மிளகு குடோனின் சுவர் காரை லேசாகத் தடவிக் கொடுத்தது.

கவனியுங்கள் — சுவர்தான் தடவியது. இப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா? என் வீட்டுக்காரருக்கு மட்டும் இருக்கிறதே! போன வருஷம் இவர் காரின் பின்பக்கத்தை ஒரு கரன்ட் கம்பத்தில் மோதி, ஒரு தேங்காயை வைக்கிற அளவுக்குக் குழி விழ வைத்தார். அன்று முழுக்க வீட்டில் பேச்சு கம்பத்தைப் பற்றித்தான். எந்த மடையன் அதை அங்கே நட்டான்? ரோட்டோரத்தில் கம்பம் வைக்க ஒரு முறை வேண்டாமா?

ஆக, அவருடைய கம்பம் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. என்னுடைய சுவர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததாம். அதுவும் எங்கள் இரண்டு பேர் தாத்தாக்களும் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறதாம்.

கார் சிவப்பு. கீறல் வெள்ளை. இடது பக்கப் பின்கதவில் தொடங்கி, பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு வரை ஒரு முழ நீளம். இவர் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கையை நீட்டினார். முதுகில் தட்டி ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

சாவிக்காக நீட்டியிருக்கிறார்.

"இது சரியாகட்டும். அதுவரைக்கும் நீ வண்டி எடுக்கண்டாம்" என்றார்.

அதுவரைக்கும்… எனக்கு இந்த 'அதுவரைக்கும்' நன்றாகத் தெரியும். கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் மட்டும் எனக்குத் தெரிந்த ஆறேழு பெண்களின் லைசென்ஸ் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்குகிறது. எல்லோரும் முதல் கீறல் வரை ஓட்டியவர்கள். ஆண் இடித்தால் அது அனுபவம். பெண் இடித்தால் அதோடு சரி!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எழுதச் சொன்னால் எழுதுவேன்; பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பேன். பத்தாவது வரை படித்தேன். பத்து வருஷத்தில் ஒரு நாள் கூட வகுப்பில் கை தூக்கியதில்லை. இப்போது வேலை தோப்பும்படியில், ஒரு தையல் யூனிட்டில். பஸ்ஸில் போனால் என் ஸ்டாப் வரும்போது "ஆள் இறங்கணும்" என்று கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது. வேறு யாராவது இறங்கினால் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிடுவேன். யாரும் இறங்காவிட்டால்? அடுத்த ஸ்டாப். அல்லது அதற்கும் அடுத்தது. ஒருமுறை பள்ளுருத்தி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நடந்திருக்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் உனக்கு எதற்கு டிரைவிங் என்று கேட்டார்கள். நான் கத்தாமலேயே, நான் நினைத்த இடத்தில் நிற்கிற வண்டி உலகத்தில் அது ஒன்றுதானே? இந்தப் பதிலையும் அவர்களிடம் நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். எதிர்பார்த்தபடியே, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் கதை அந்த வாரமே முடிந்திருக்கும். ஆனால் இவர் ஒரு வீடியோ பார்த்துவிட்டார்.

வீடியோ பார்த்த ஆம்பிளையைத் தடுக்க யாரால் முடியும்?

அந்த வேலைக்குப் பெயர் வெட் சாண்டிங்காம். கார் பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்பார்கள். கீறல் அதோடு நின்றிருந்தால், நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். பிறகு இன்னும் நைஸான தாள். பிறகு பாலிஷ். அதாவது, ஒரு பெரிய கீறலை ஒழிப்பதற்காக ஆயிரம் சின்னக் கீறல் போடுவது. இப்படி ஒரு யோசனை நிச்சயமாக ஒரு பெண்ணுக்கு வந்திருக்காது.

சனிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிற வைத்தியர் தோற்றார்.

"நகம் தடுக்கலை. மேல்பூச்சுலதான் இருக்கு. பிழைச்சுக்கும்" என்றார்.

நான் மாவு கரைக்கும் ஸ்டீல் பேசினில் சோப்புத் தண்ணீர் நிரப்பி, உப்புத்தாள்களை அப்பளம் மாதிரி ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார். கதவின் ஓரங்களிலும் சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவிலும் நீலநிற டேப் ஒட்டினார். ஓரங்களில் பெயின்ட் மெல்லிசாக இருக்குமாம். கை பட்டால் போய்விடுமாம். எனக்கும் ஒரு பதவி கொடுத்தார் — தண்ணீர் ஊற்றுகிறவள். பதவியேற்புக்கு முன்னால் ஒரு வகுப்பும் எடுத்தார்.

"வழியுற தண்ணி வெள்ளையா இருந்தா கிளியர் கோட் தேயுறதுன்னு அர்த்தம். கலர் வந்துதோ, அப்பவே நிறுத்திடணும். மனசிலாச்சா?"

மனசிலாச்சு என்று தலையாட்டினேன். குழாய்த் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வரும் தெரு எங்களுடையது. பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் ஒரு கதவுக்கு ஊற்றினேன்.

இவர் தேய்த்தார். சும்மா சொல்லக் கூடாது, பொறுமையாகத்தான் தேய்த்தார். ஆனால் தேய்த்த இடம் மினுக்கம் போய், பால் தெளித்த மாதிரி வெளிறியது. பாலிஷ் போடும் வரை அப்படித்தான் இருக்குமாம். அது வீடியோ பார்த்தவருக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா?

பக்கத்து வீட்டு நபீசத்தா மீன் வாங்கிக்கொண்டு வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார்.

"என்ன மணி, வண்டிக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சா?"

"இல்லை இத்தா… கீறலைத் தேய்க்கிறேன்."

"ஓ! சரசு போட்ட கீறலா?"

நான் மக்கில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன்.

கீறல் விழுந்த அன்று அதைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சுமை இறக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், யூதக் கோயிலான சினகாக் பார்க்க வந்து வழி தவறிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரர் போட்டோ கூட எடுத்தார். என் தப்பை அழிக்கத்தான் இவர் பாடுபட்டார். ஆனால் விளம்பரப் பலகை வைத்திருந்தால்கூட அதற்கு இவ்வளவு பெயர் கிடைத்திருக்காது. அன்று சாயங்காலம், "பாலிஷ் போட்டதும் வண்டியை நல்லா மூடி வைச்சுடலாம். எதுக்கு வெளியில எடுத்துக்கிட்டு…" என்று இவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

என் லைசென்ஸ் பட்டுப்புடவையை நோக்கி நகர்வது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வர்க்கி சேட்டன் வந்தார்.

வர்க்கி சேட்டனுக்கு ஜூ டவுனில், பழம்பொருள் கடைகளுக்குப் பின்னால் ஒரு பட்டறை. என்ன வேலை? புது நாற்காலியைப் பழைய நாற்காலி ஆக்குவது. போன மாதம் செய்த அலமாரியை அவரிடம் கொடுத்தால், விளிம்பையும் மூலையையும் உப்புத்தாளால் தேய்த்து, நாலு தலைமுறை கை பட்டுத் தேய்ந்த மாதிரி ஆக்கி, மேலே சாயாத் தண்ணீர் பூசித் திருப்பித் தருவார். அவர் பொய் பேசமாட்டார். வாங்க வருகிறவர் "நூறு வருஷம் இருக்குமா?" என்று கேட்டால் சிரிப்பார். "இருநூறா?" என்றால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார். அவ்வளவுதான். உப்புத்தாள் பிடிப்பதில் கொச்சியிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதுதான் வினை.

இவர் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது.

"மணி, இது என்ன தேய்ப்பு? குழந்தைக்குப் பவுடர் போடுற மாதிரி?"

"மெதுவாத்தான் செய்யணும் சேட்டா. வீடியோவுல…"

"வீடியோ! நாப்பது வருஷமா நான் என்ன பிடிச்சிருக்கேன், ஓடக்குழலா? மாறு, தள்ளி நில்லு… நான் காட்டித் தரேன்." நீல டேப்பைப் பார்த்தார். "இது எதுக்கு?"

"ஓரம் தேயாம இருக்க."

"அய்யோ கர்த்தாவே! ஓரம்தானே முதல்ல தேயணும்?"

சர்ரென்று டேப்பை உரித்தார். இவர் வாயைத் திறந்தார், மூடினார். தன்னைவிட வயதில் மூத்த, அதுவும் தொழில் தெரிந்த ஓர் ஆண் வந்து நின்றால், இவருக்கும் என்னைப் போலவே பேச்சு வராது என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். திருமணமாகி இருபத்தைந்து வருஷம்!

இவர் தாளைச் சுற்றிப் பிடித்திருந்த ரப்பர் கட்டையை வர்க்கி சேட்டன் தூக்கி ஓரமாகப் போட்டார். சட்டைப் பையிலிருந்து சொந்தத் தாளை எடுத்தார். அது சொரசொரவென்று பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. நாலாக மடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, சக்கரத்துக்கு மேல் இருந்த வளைவில் ஆரம்பித்தார். என்ன லாகவம்! என்ன தாளம்! நான் ஊற்றினேன். வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. மறுபடி ஊற்றினேன்.

என் காலடியில் தண்ணீர் லேசாக ரோஸ் நிறமாக ஓடியது.

"தண்ணி…" என்றேன்.

"ஊத்து, ஊத்து" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலே.

ஊற்றினேன். ரோஸ் நிறம் சிவப்பானது.

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரும் நின்றிருப்பார்கள். முதல் தரம் வாய்க்குள்ளேயே சொன்னது கூச்சத்தால்தான். சத்தியம் செய்யத் தயார். இரண்டாம் தரம் சொல்லாமலே இருந்தது கூச்சத்தாலா? இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. வேறு யாராவது இறங்கட்டும் என்று காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சிவப்பு ஓடி முடிந்து சாம்பல் நிறம் தெரிந்த பிறகுதான் வர்க்கி சேட்டன் கையை எடுத்தார். இரண்டடி பின்னால் போனார். ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பார்த்தியா மணி! அம்பது வருஷம் ஓடின வண்டின்னு யாரானாலும் நம்புவாங்க."

உண்மைதான். ஒரு தோசை அளவுக்கு நடுவில் சாம்பல், அதைச் சுற்றி மங்கிய சிவப்பு, அதைச் சுற்றி வெளுப்பு — தேய்மானம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கீறலும் சுத்தமாகப் போய்விட்டது. பெயின்ட்டையும் கூடவே அழைத்துப் போய்விட்டது.

இவர் கவிழ்த்து வைத்த பக்கெட் மேல் உட்கார்ந்தார்.

"சேட்டா… இது கார். அலமாரி இல்லை."

"தேய்க்கிறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான் மணி" என்றார் வர்க்கி சேட்டன். பிறகு அவருக்கும் என்னவோ தோன்றியிருக்க வேண்டும். "கொஞ்சம் சாயாத் தண்ணி பூசிப் பார்க்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

வாசலில் நபீசத்தா. எவ்வளவு நேரமாக நின்றாரோ!

"மணி, சரசுவோட கீறல் எவ்வளவோ பரவாயில்லை இல்லே?"

இவர் பாலிஷ் டப்பாவைத் திறந்தார். மீதிக் கதவுக்குத் தலையைக் குனிந்துகொண்டே பாலிஷ் போட்டார். அந்த இடம் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. பளபளக்கப் பளபளக்க, பக்கத்தில் இருந்த சாம்பல் தோசை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் இவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அந்த வண்டியில் தெரு வழியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. போகிற போக்கில், கதவைப் பார்த்துச் சொல்லுகிற மாதிரி சொன்னார்: "சாவி டேபிள் மேல இருக்கு. நீயே ஓட்டிக்கிட்டுப் போயி, வழியில அந்த ஒர்க்‌ஷாப்ல காட்டி எப்ப விடலாம்னு கேளு. உப்புக்காத்து… துருப் பிடிச்சுடும்."

எடுத்தேன். ஓட்டினேன். தோப்பும்படியில் யூனிட் வாசலுக்கு நேராக, ஒரு சத்தமும் போடாமல் நின்றேன்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அந்தச் சாவியை இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. "பார்த்து ஓட்டு" என்றுகூட யாரும் சொல்வதில்லை. சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியவருக்குத் தெரியும். போன வாரம் அதே பக்கத்தில் ஒரு கேட் லேசாக உரசியது. அந்தத் தோசைக்குப் பக்கத்தில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறாளே என்று பயப்பட வேண்டாம். இவர் பிறந்து படித்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் பேசுவது தமிழ், வாசிப்பது மலையாளம். என் பத்தி வெளிவந்தால் என் போட்டோ சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

ஒர்க்‌ஷாப் என்ன ஆச்சு என்று வாரத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். அங்கே ஒரே கூட்டம், இன்னும் நாள் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். துருப் பிடிக்காமல் இருக்க நானே ஒரு டேப் வாங்கி ஒட்டிவிட்டேன்.

போய்க் கேட்டால்தானே நாள் கிடைக்கும்? எனக்குத்தான் ஆட்களிடம் பேசக் கூச்சமாயிற்றே!