மரியரட்ணமும் ஒரு அமெரிக்கனும்

சப்பாத்தைக் கழற்றுமுன் மரியரட்ணம் சமையலறைக்குள் போய், கசற் றெக்கோடரின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் முகம் மாறிவிடும்.

"உவன் இண்டைக்கும் வந்திட்டுப் போயிருக்கிறான்."

உவன் என்பது ஒரு அமெரிக்கக் கன்ட்ரி பாடகன். செத்துப் பல வருடம். ரயில், மழை, வீடு திரும்பாத ஒருவன் என்று கசற்றில் தாழ்ந்த குரலில் பாடுவான். ஸ்டீல் கிற்றார் ஒரு சுரத்தை இழுக்கும் இடத்தில், மரியரட்ணத்தின் மனைவி கிளடிஸ் அகப்பையை வைத்துவிட்டு அழுவார். வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் எனக்கு, மேலே காலடிச் சத்தம் நிற்பது கேட்கும்.

மரியரட்ணம் சாதாரண ஆளல்ல. ஒஷாவா கார்த் தொழிற்சாலையில் கதவுகளுக்கு ரப்பர் பொருத்துகிறவர்தான். ஆனால் தவக்கால வெள்ளிகளில் கோவிலில் பசாம் படிப்பவர். இயேசுவின் பாடுகளை அவர் உச்சத்தில் ஏறி ஒப்பாரியாக இழுத்தால், கோவிலே விம்மும். கிளடிஸ் மட்டும் யார் யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்பிடி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. மைக் கொஞ்சம் இரைஞ்சது."

ஒருநாள் மரியரட்ணம் கேட்டே விட்டார்: "உனக்கு அவன்ரை இங்கிலிசு விளங்குதே?"

"பாதி விளங்காது. நீங்கள் படிச்சால் எந்த இடத்திலை அழவேணுமெண்டு முதலே தெரியுமப்பா. அவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்திடுவான்."

1994 மார்ச் 11 வெள்ளிக்கிழமை கசற் காணாமல் போனது. "எங்கை என்ரை கசற்?" என்று கிளடிஸ் தேடினார். "உவனை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் மரியரட்ணம். மூன்று கிழமை ஒஷாவா போகவும் வரவும் காரில் அவனோடுதான்.

பெரிய வெள்ளியன்று, தாய் மகனின் உடலை மடியில் வாங்கும் இடம் வந்தது. மரியரட்ணம் உச்சத்துக்கு ஏறவில்லை. குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பாடி, கடைசிச் சொல்லை மெல்ல வழுக்கவிட்டார். அழ ஆயத்தமாயிருந்த பெண்கள் தலை நிமிர்த்தினார்கள். "மனுசனுக்குத் தொண்டை கட்டிப்போச்சோ?" என்றார் அன்ரனெற் அன்ரி. மூன்றாம் வரிசையில் கிளடிஸ் மட்டும் குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின.

திரும்பும்போது நான் காரின் பின் ஆசனத்தில் இருந்தேன். சிவப்பு விளக்கில் மரியரட்ணம் திரும்பினார்.

"ஆருக்கடி அழுதனீ? எனக்கோ, அவனுக்கோ?"

கிளடிஸ் கண் துடைத்து ஈரமான லேஞ்சியை நாலாக மடித்து, அவருடைய சட்டைப் பைக்குள் வைத்தார்.