நாலு பேருக்கு மேல் கூடாது

இந்த ஜெர்மன் ஊரில் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: பனி கொட்டினாலும் தினமும் இரண்டு வேளை எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து, வீட்டுக்குள் காற்றை மாற்ற வேண்டும். இதற்கு 'லுஃப்டன்' என்று பெயர். செய்யாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்குமாம். வெயிலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வளர்ந்த விருதுநகர்க்காரியான எனக்கு, குளிரை நாமே உள்ளே கூப்பிடுவது முதலில் கிறுக்குத்தனமாகப் பட்டது. சென்ற மாதம் பக்கத்து வீட்டு அம்மாள் ஃபிராவ் கெர்லாக் என்னை மாடிப்படியில் நிறுத்திப் பாராட்டினார். "உங்கள் மாமனார் நாள் முழுக்க லுஃப்டன் செய்கிறார். உண்மையான ஜெர்மன்காரர்!" நான் "டாங்கே" என்று நன்றி மட்டும் சொன்னேன். மாமா கதவைத் திறந்து வைப்பது காற்று வருவதற்காக அல்ல, ஆட்கள் தப்பி ஓடுவதற்காக என்று சொல்ல என் ஜெர்மன் போதாது. போதுமானதாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

மாமா திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர். கல்யாணமான புதிதில், அவர் மறந்துவிட்டுப் போன பிரஷர் மாத்திரையைக் கொடுக்க ஒருமுறை அங்கே போனேன். வாசலில் வாட்ச்மேன் என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் பல கதவுகள், எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை, எல்லாம் திறந்தே கிடந்தன. வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்த நான், உரசினால் பொறி தட்டும் நைலான் சேலையோடு ஓர் அறையின் படியில் கால் வைத்தேன்.

"நில்லு தாயி! அங்கனயே நில்லு!" என்று உள்ளேயிருந்த ஆட்களைத் தாண்டி மாமாவின் குரல் வந்தது. அதுவரை அவர் என்னிடம் சத்தமாகப் பேசியதே இல்லை. "ஒரு ரூமுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆளு வாசல்லதான். மொதலாளியே வந்தாலும் வாசல்லதான்."

திரி செருகிக்கொண்டிருந்த ஓர் அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "புதுப்பொண்ண இம்புட்டு வெயில்ல நிப்பாட்டிட்டீகளே போர்மேன்! இன்னைக்கு வீட்ல ஒங்களுக்குச் சோறு கெடைக்காது, பாத்துக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும்தான். வாசலில் செம்புத் தகடு ஒன்று பதித்திருந்தது. உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்து மாத்திரையை வாங்கிக்கொண்ட மாமா, அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அத்தை இறந்த பிறகு அவர் தனியாக இருந்தார். அடுப்பை அணைக்க மறந்தார், ஆமத்தூருக்கு பஸ் ஏறி எங்கோ போய் இறங்கினார். அவரை இங்கே கூட்டி வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது என் கணவர் கார்த்திக் அல்ல, நான். இங்குள்ள டாக்டர் இரண்டு பெயர்கள் சொன்னார்: டெமென்ஸ், டெப்ரெஸியோன். மறதியும் மனச்சோர்வும். மாமா தட்டைத் தள்ளி வைக்கும்போது அது எந்த நோய் என்று எனக்குத் தெரிவதில்லை. சாப்பிட மறந்துவிட்டாரா, சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறாரா? முதலாவது என்றால் ஞாபகப்படுத்த வேண்டும். இரண்டாவது என்றால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்கிறேன், பெரும்பாலும் மாற்றிச் செய்கிறேன்.

கார்த்திக் அச்சு இயந்திரக் கம்பெனிக்குக் காலையில் போனால் மாலையில்தான் வருவார். அதுவரை வீட்டில் நான், நான்கு மாதக் கைக்குழந்தை, மாமா. எல்லாக் கதவும் திறந்திருக்கும் வீட்டுக்குள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடமாடுவோம். குளிக்கும்போது பிள்ளையையும் குளியலறைக்குள் எடுத்துப் போகிறேன். ஐந்து வயது தாரணியைக் கிண்டர்கார்டனில் விட மூன்று பேரும் ஊர்வலமாகப் போய் வருகிறோம். அதைத் தவிர நான் வெளியே போய் எத்தனை வாரம் ஆயிற்றோ.

சின்னவன் பிறக்கும் வரை நாங்கள் நான்கு பேர். பிறந்ததும் கணக்கு உடைந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் மாமா எங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். பிறகு எழுந்து, பால்கனிக் கதவின் பிடியைத் தகட்டைத் தொடுவதுபோல் தொட்டுவிட்டு, வெளியே போய் நின்றுகொள்வார். தாரணி அதை விளையாட்டாக்கினாள். நாங்களும் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

பால்கனிக்குப் பூட்டுப் போடுங்கள் என்றார் டாக்டர். போட்டோம். மாமா இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அடித்தார். "தொறங்கப்பா! உள்ள ஆளு இருக்காகப்பா!" கார்த்திக் உடனே பூட்டைக் கழற்றிவிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு ஒரு தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்திருந்தது. மேலிடத்தின் நச்சரிப்பு தாங்காமல் மாமா ஓர் அறையில் ஆறு பேரை உட்கார வைத்தார். அவர் லோடு பார்க்க வெளியே போன நேரத்தில் அது வெடித்தது. "ஒரு பக்கக் கதவு பூட்டிக் கெடந்திருக்கு. மூணு பேரு வெளிய வரல. அதுக்கப்புறந்தான் நாலுக்கு மேல ஒரு ஆளக்கூட விடமாட்டாரு."

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பினால் தொட்டிலில் பிள்ளை இல்லை. மாமா பால்கனியில் நின்றிருந்தார். பிள்ளையைத் துண்டில் சுற்றி, தன் ஸ்வெட்டருக்குள் வைத்து அணைத்திருந்தார். பக்கத்து பால்கனியிலிருந்து ஃபிராவ் கெர்லாக் கையசைத்தார். "ஃபிரிஷே லுஃப்ட்! ஸேர் கூட்!" சுத்தமான காற்று, ரொம்ப நல்லது. இங்கே குளிரில் பிள்ளையைத் தூங்க வைப்பது வழக்கம்தான். நான் பிடுங்கினேன். அவன் மூக்கு நுனி சில்லென்றிருந்தது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

மாமா பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "சின்ன ஆளு தாயி. சின்ன ஆளத்தான மொதல்ல வெளிய எடுக்கணும்?"

அந்த வாரமே, இங்கே 'ஹைம்' என்று சொல்லும் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தோம். கதகதப்பான தாழ்வாரம், பூந்தொட்டிகள், கனிவான ஆட்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும்போது கதவு திறக்கவில்லை. ஒரு நர்ஸ் வந்து எண்களை அழுத்தித் திறந்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் அது தானாகவே பூட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள்.

"நாள் பூரா அவருகூடக் கெடக்குறது நீ. நீ சொல்லு, கையெழுத்துப் போடுறேன்" என்றார் கார்த்திக். அவரே போட்டிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். பின்னால் பழி சொல்லவாவது ஓர் ஆள் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. மேஜையில் ஹைமின் படிவம், கார்த்திக் கையில் பேனா. தாரணி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள், சின்னவன் என் மடியில். மாமா பால்கனியில்.

"மாமா, உள்ள வாங்க. இட்லி ஆறுது."

"நாலு பேரு இருக்கீகள்ல தாயி. வேல முடியட்டும்."

பிள்ளையை கார்த்திக்கிடம் கொடுத்துவிட்டு நான் எழுந்து வெளியே போனேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவுப் பிடியைத் தொட்டார், உள்ளே போனார், என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாதியில் விட்ட இட்லியைப் பிட்டு வாயில் போட்டார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை, கெஞ்சவில்லை.

கார்த்திக் பேனாவை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் "வேண்டாம்" என்றேன். அந்தப் பூட்டிக்கொள்ளும் கதவுக்காகச் சொன்னேனா, திருத்தங்கலில் இருக்கும் நாத்தனார் என்ன சொல்வாள் என்பதற்காகச் சொன்னேனா, இன்னமும் தெரியவில்லை. சரியாகத்தான் சொன்னேனா என்பதும் தெரியவில்லை. கார்த்திக் பேனாவை மூடினார்.

உடனே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. எத்தனையோ வாரம் கழித்து யாரும் என்னைப் பிடித்திழுக்காத இடத்தில் நின்றேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தக் குளிர் எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே சின்னவன் சிணுங்கினான். அவனுக்குக் குளிருமே என்றுதான் கதவைச் சாத்த இழுத்தேன். அவன் அழுகை கேட்காமல் இருக்கட்டும் என்றும் இருக்கலாம்.

"கதவச் சாத்தாத தாயி" என்றார் மாமா, வாயில் இட்லியோடு.

திறந்தே விட்டேன். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.