கியர் ராடு நடந்த தூரம்

டிப்போவில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஏன்'. பதினேழு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டே ஆளைக் குடைந்து எடுத்துவிடுவாள். டயரை ஏன் இடம் மாற்றிப் போடுகிறார்கள், மழை நாளில் கதவு ஏன் மெதுவாகச் சாத்திக்கொள்கிறது என்று அவள் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து, அவள் தலை தெரிந்தாலே மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வார்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும் அந்தக் கேள்விகள் ஆஸ்பத்திரிக்கு இடம் மாறின. அறுவை சிகிச்சை முடிந்தது, மருந்து ஏற்றுவதும் முடிந்தது. பயம் மட்டும் முடியவில்லை. அக்காவுக்கு அது திரும்பி வந்துவிடுமோ? கூடப்பிறந்த தனக்கும் வந்துவிடுமோ? மருத்துவர் அக்காவைத் தினம் அரை மணி நேரம் மெதுவாக நடக்கச் சொன்னார். தங்கை வெளியே வந்து நர்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தா என்ன ஆகும் சிஸ்டர்?"

"தவறாம நடக்கறவங்க, ஓடறவங்களுக்கு மார்பு, பெருங்குடல் மாதிரி சில இடத்துல கேன்சர் வர்ற வாய்ப்பு கொஞ்சம் குறைவா இருக்குன்னு நிறைய ஆராய்ச்சில பார்த்திருக்காங்க."

"ஏன்?"

"உடம்பு அசைஞ்சா இன்சுலின், சில ஹார்மோன் எல்லாம் எகிறாம இருக்குமாம். உள்ள இருக்கற அழற்சியும் குறையுமாம். முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது."

"அப்போ நடந்தா வரவே வராதா?"

"அப்படி யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. நடக்கறவங்களுக்கும் வருது. வாய்ப்பு குறையலாம், அவ்ளோதான். செக்கப்பையும் விட்டுடாதீங்க."

"நான் ஒன்பது மணி நேரம் சீட்டுலயே உட்கார்ந்திருக்கேனே?"

"அதுக்குத்தான் சொல்றேன், நீங்களும் நடங்க."

அன்றைக்கே அடிகளை எண்ணும் வாட்ச் இரண்டு வாங்கினாள். தனக்கொன்று, அக்காவுக்கொன்று. தினமும் சாயங்காலம் எத்தனை அடி என்று ஒருவருக்கொருவர் போனில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம்.

முதல் நாளே தங்கைக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். அவளுக்கே வாய் பிளந்தது. காலையில் வண்டியைச் சுற்றி வந்தது, டீ குடிக்கப் போனது, கையெழுத்துப் போட மாடி ஏறியது என்று தனக்குத் தானே கணக்குச் சொல்லித் திருப்திப்பட்டுக்கொண்டாள். ஊரையே கேள்வி கேட்டவள் அந்த எண்ணை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு பயந்திருந்தாள், பாவம்.

அக்கா முதலில் மூவாயிரம் அனுப்பினாள். பிறகு ஆறாயிரம். இரண்டு மாதத்தில் அவளும் பதினோராயிரத்தைத் தொட்டுவிட்டாள். ஒரு விடுமுறை நாளில் தங்கை போய்ப் பார்த்தபோது அக்காவின் பாதம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்லடி. நீ சீட்டுல உட்கார்ந்து வேலை செய்யறவ, நீயே அவ்ளோ நடக்கறப்போ எனக்கென்ன கேடு?"

அடுத்த வாரம் தங்கைக்குப் புது வண்டி கொடுத்தார்கள். கியர் தானாகவே மாறும், குலுங்காது, அலுங்காது. அன்று சாயங்காலம் வாட்ச் காட்டியது இரண்டாயிரத்து அறுநூறு. அதே டீக்கடை, அதே மாடிப்படிதான். அப்போதுதான் பழைய குணம் விழித்துக்கொண்டது. ஏன்?

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய வண்டியை வாங்கினாள். கையிலிருந்த வாட்சைக் கழற்றி, கியர் ராடின் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"என்ன மேடம், கியருக்கு வளைகாப்பா?" என்றார் கண்டக்டர்.

"பேசாம விசில் அடிங்க."

ஒரு ட்ரிப் போய்த் திரும்பினார்கள். இடத்தை விட்டு நகராத கியர் ராடு மூவாயிரத்து நானூறு அடி நடந்திருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ராடு ஆரோக்கியமா இருக்கு மேடம், உங்களைத்தான் கவனிக்கணும்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வண்டி போட்ட குலுக்கலையும் கை போட்ட கியரையும் அல்லவா இரண்டு மாதமாக நடை என்று நம்பியிருக்கிறாள்! உடனே அக்காவின் பாதம் நினைவுக்கு வந்தது.

டூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள். தங்கை நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் நடக்கவே இல்லக்கா. எல்லாம் பஸ் நடந்தது. என்னால நீ காலை இப்படிப் பண்ணிக்கிட்டே."

அக்கா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"உன்னோட போட்டி போடவா நடந்தேன்னு நினைச்சே? டாக்டர் சொன்ன அரை மணி நேரம் எனக்குப் போதும்டி. நான் குறைச்சு அனுப்பினா, அக்காவே விட்டுட்டாளேன்னு நீயும் விட்டுடுவியேன்னு பயம். எனக்கு வந்தது வந்துடுச்சு. உனக்கு வரக்கூடாதுன்னுதான் இந்தக் காலை இழுத்துக்கிட்டு நடந்தேன்."

தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் தலையைக் கோதிவிட்டாள்.

வீக்கம் வடிய ஒன்பது நாளாயிற்று. பத்தாம் நாள் மருத்துவர் சரி என்றதும், சாயங்காலம் இருவரும் தெருவில் இறங்கினார்கள். அக்கா நிதானமாகத்தான் நடந்தாள். அப்படியும் நாலாவது விளக்குக் கம்பத்திலேயே தங்கைக்கு மூச்சு வாங்கியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவள் பத்தடி முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"என் கையைப் பிடிச்சுக்கோ" என்றாள் அக்கா. "மெதுவாப் போகலாம்."