தட்டட்டிக்குச் சுண்ணாம்பு தேடிப் புன்னக்காயல் வரை

1912-ஆம் வருஷம் ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் இருந்து வண்டி கிளம்பியது. போக வர வாடகை ஐந்து ரூபாய். மாட்டுக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும் என் பொறுப்பு. வண்டிக்காரர் சுடலைமுத்து என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆகவே அண்ணாச்சி. என் மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அதற்குள் என் புது வீட்டுத் தட்டட்டியின் ஒரு துண்டு.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பனை உத்திரங்களின் மேல் செங்கலை அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்புக் காரை போட்டு, நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய மேல்தளத்தைத்தான் நாங்கள் தட்டட்டி என்போம். என்னுடையது முடிந்து பதினைந்து நாளில் ஒரே ஒரு மழை பெய்தது. தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிட்டது. என் மனைவி கிரேஸம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் ஓலைக் கூரை ஐப்பசி மழையைத் தாங்காது. பிள்ளை ஒழுகாத கூரையின் கீழ் பிறக்க வேண்டும் என்பது மட்டுமே என் ஜெபமாக இருந்தது.

நான் பள்ளிக்கூட வாத்தியார், கோபக்காரன். தட்டட்டி போட்ட பேட்டை மீரான் கொத்தனாரை அழைத்து, தெருவில் நாலு பேர் பார்க்க, "மட்டமான சுண்ணாம்பப் போட்டு ஏமாத்திட்டீரே" என்று கேட்டுவிட்டேன். அவர் கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரிடம் வேலை கொடுக்க இருந்த எங்கள் தெருக்காரர் இரண்டு பேர் மறுநாளே வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். நியாயந்தானே என்று நினைத்துக்கொண்டேன். நல்ல சிப்பிச் சுண்ணாம்பை நானே போய்ப் பார்த்து வாங்குவது என்று மூன்று நாள் லீவு போட்டேன்.

காலை ஒன்பது மணிக்குச் செய்துங்கநல்லூர், ஒன்பது மைல். சாலையோரச் செங்கல் சூளையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வீடு கட்ட ஆரம்பித்தவனுக்குச் சூளையைக் கண்டால் கால் தானாக நிற்கும். சூளைக்காரர் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். வெண்கலப் பாத்திரம் போல் கணீரென்றால் வெந்த கல்; பொத்தென்றால் வேகாதது. எந்தக் கல்லானாலும் ஒரு ராத்திரி தண்ணீரில் கிடக்கட்டும் என்றார். காய்ந்த கல் காரையில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடுமாம்.

மத்தியானம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அண்ணாச்சி மாட்டை அவிழ்த்துவிட்டு ஆற்றுக்குள் இறங்கி ஒரு பிடி மணலை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"கையில சேறு ஒட்டுதா?"

"இல்லை அண்ணாச்சி."

"அப்பம் இத அள்ளலாம். ஆத்தூருக்குக் கீழ போயிட்டா அள்ளாதிய. கடல் தண்ணி ஏறுத இடம். உப்பு மண்ணுல கட்டுன சுவரு வருசம் பூராவும் வேர்க்கும்."

அவர் வீடு கட்டியதில்லை, கட்டுகிறவர்களுக்கு மணல் ஏற்றியவர். சொந்த வீடு கட்டும்போது மாடும் வண்டிக்காரரும் கூட நமக்கு வாத்தியார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் ஏரலில் தெரிந்த வியாபாரி வீட்டில் தங்கல். அவரிடம் இரண்டு சிப்பம் கருப்பட்டியும் ஒரு மரக்கால் கடுக்காயும் வாங்கி வண்டியில் ஏற்றினேன். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரில்தான் காரையைக் குழைக்க வேண்டும். அதுதான் காரைக்குப் பசை. இவ்வளவும் எனக்குத் தெரியும் என்று மிகுந்த பெருமையோடு அந்த வியாபாரிக்கு விளக்கினேன்.

புதன்கிழமை காலை ஆத்தூரில் வண்டியை விட்டுவிட்டு, ஆளுக்கு ஓரணா கொடுத்து வள்ளத்தில் போனோம். பத்து மணிக்குப் புன்னக்காயல். ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டிச் சிப்பிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. சிப்பி ஒரு அடுக்கு, கரி ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு வேகவைக்கிறார்கள். காளவாய் என்கிற அந்தச் சூளையின் சொந்தக்காரி மரியானம்மாள், நாற்பது வயதிருக்கும். கைகள் முழங்கை வரை வெள்ளை.

"எங்கன இருந்து வாரிய?"

"பாளையங்கோட்டை. எனக்குக் கொத்தனாரு கெட்ட சுண்ணாம்பப் போட்டுட்டாரு. இந்தா, இதான் அது."

அவள் துண்டை உடைத்தாள். நகத்தால் சுரண்டினாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். பிறகு ஒரு சிரட்டைத் தண்ணீரில் போட்டாள். சிறிது நேரத்தில் அது நனைந்த முறுக்குப் போல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"சுண்ணாம்பு எங்க சுண்ணாம்புதான். மட்டி ஓட்டுத் துணுக்கு கிடக்கு, பாருங்க. பேட்டையில இருந்து ஒரு சாயபு கொத்தனாரு வந்து, ஒவ்வொரு மூட்டையா அவுத்துப் பாத்துல்லா வாங்கிட்டுப் போனாவ? வாத்தியாரு வீட்டுக்குன்னு சொன்னாவ. கருப்பட்டித் தண்ணிய எத்தன நாளு புளிக்க வச்சிய?"

புளிக்க விடவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நான் எங்கள் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. சனிக்கிழமைதோறும் தெருவில் நின்று கள்ளுக்கு எதிராகப் பிரசங்கம் செய்கிறவன். மீரான் பன்னிரண்டு பானைகளில் கருப்பட்டித் தண்ணீரை ஊற வைத்தார். நாலாம் நாள் என் வீட்டு வாசலில் கள்ளுக்கடை வாடை. போகிறவர்கள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்கள். பானைகளை ஓடையில் கவிழ்க்கச் சொன்னேன். கள் வாடை எங்கள் வேதத்துக்கு ஆகாது, அன்றன்று புதுத் தண்ணீரில் குழைத்தால் போதும் என்று உத்தரவும் போட்டேன். "புளிச்சாத்தான் பிடிக்கும் வாத்தியாரய்யா" என்று மீரான் ஒரே ஒரு தரம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

இதைக் கேட்டதும் அண்ணாச்சியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இதுக்கு முப்பத்திரண்டு மைலு மாட்ட அடிச்சுக்கிட்டு வந்திருக்கோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். மூட்டை ஆறணா வீதம் பன்னிரண்டு மூட்டை வாங்கினேன். மரியானம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுண்ணாம்பைக் கொண்டுபோனதும் தண்ணீர் தெளித்து நீற்றிச் சலித்து, ஈரம் காயாமல் மூடிவைக்க வேண்டும். புளிக்கிற தண்ணீர் நுரைத்து அடங்கி, விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும். அதற்குள் அவசரப்படக் கூடாது. காரையின் மேல் கட்டை பட்டால் தடம் விழாமல் எகிற வேண்டும். அதுவரை அடிப்பதை நிறுத்தக் கூடாது.

வியாழன் சாயங்காலம் பாரத்தை இறக்கிவிட்டு நேரே பேட்டைக்குப் போனேன். மீரான் தம் வீட்டு முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலை இல்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு, மனம் கேட்காமல், "நீரு அன்னைக்கே சண்டை போட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மார்க்க விஷயம்னு சொல்லுதிய. அதுக்கு மேல கொத்தனாரு என்ன பேச? ஒழுகும்னு தெரியும். ஒழுகினா மறுபடி போட்டுக் குடுப்போம்னு இருந்தேன்."

"தெருவுல வச்சுப் பேசிட்டேன்."

"அதுதான் வலிச்சுது." பிறகு அவரே சொன்னார்: "எங்களுக்கும் கள்ளு ஹராம்தான், வாத்தியாரய்யா. மனுசன் குடிச்சாத்தான். தட்டட்டி குடிச்சிட்டுப் போவுது."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பானைகளை நிரப்பினார். மறு வாரச் சனிக்கிழமைக் கூட்டத்தை என் புது வீட்டு வாசலிலேயே நடத்தினேன். பின்னால் பன்னிரண்டு பானைகளும் நுரைத்துக்கொண்டிருந்தன. வாடை எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது, யார் சொல்லை நான் கேட்கவில்லை, யாரை ஏமாற்றுக்காரன் என்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சங்கத்துப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை பன்னிரண்டு நாள் விடாமல் அடித்தது. தட்டட்டியில் இருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்த மழையில்தான் எங்களுக்குப் பெண் பிறந்தாள். மீரானை வேண்டாம் என்று சொல்லியனுப்பிய இரண்டு பேரில் ஒருவர் மறுபடி பேட்டைக்குப் போய் அவரை அழைத்து வந்தார். மீரான் மேல் குற்றமில்லை என்று சொல்ல இன்னொருவர் வீட்டுக்கு நான் நாலு தரம் நடந்துவிட்டேன். "நெருப்பில்லாமப் புகையுமா வே?" என்கிறார்.