காகித விளக்கில் எழுதிய வேண்டுதல்

நாலு வார்த்தையில் முடியவேண்டியதை நாற்பதுக்கு இழுக்கும் வியாதி எனக்கு உண்டு. மொய்க் கவரில்கூட முன்னுரை எழுதுகிறவன். இதைத் திறமை என்றே ஐம்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

தென்னேரி ஏரிக்கரையில் காகித விளக்கு பறக்கவிடும் விழா என்றார்கள். விளக்கின்மேல் வேண்டுதலை எழுதி, உள்ளே மெழுகைப் பற்றவைத்து, சூடு ஏறியதும் கையை விடவேண்டும். நெசவு செய்யும் என் நண்பன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"நீதான்பா எழுதணும். உனக்குத்தான் எழுத வரும்."

அவன் மனைவி தறியின் நெடுக்கு நூலான பாவு பிணைக்கிறவர். தறியில் தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணைவிட விரல்தான் பார்க்கும். சில மாதமாக ஒரு கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. அந்த வாரம் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடக்கவிருந்தது. உணர்ச்சி திரும்பாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

"கை சரியாவணும்னு போடு, போதும்" என்றான்.

எனக்குப் போதவில்லை. எழுதினேன், அடித்தேன், திருத்தினேன். திருத்திய இடத்தில் பேனா காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டது. அவன் பஸ் டிக்கெட்டை எச்சில் தொட்டு ஓட்டையில் ஒட்டினான். கண்ணாடி கொண்டுவராததால், "இன்னா எழுதிக்கினு இருக்க இவ்ளோ நேரம்? படி" என்றான்.

எழுந்து நின்று படித்தேன்: "இழையைப் பிணைத்துப் பட்டுக்கு உயிர் தரும் வலக்கையே, வலி நீங்கி வாழ்க." மரத்த கைக்கு வலி ஏது? மோனைக்காக வரவழைத்தேன். 'வலக்கையே' என்ற இடத்தில் அவன் வாயைத் திறந்தான். ஓட்டம் கெடக்கூடாதென்று உள்ளங்கையை உயர்த்தி அவனை அடக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடி படித்தேன். பக்கத்துக் குடும்பம் கைதட்டும் என்று எதிர்பார்த்ததும் உண்மை.

அதற்குள் மற்றவர்கள் விளக்கெல்லாம் மேலே போய்விட்டன. எங்களுடையது தலை உயரம் ஏறியது. டிக்கெட் பிய்ந்தது. விளக்கு சாய்ந்து, தீ காகிதத்தில் பிடித்து, கரையில் விழுந்தது. அவன் செருப்பால் மிதித்து அணைத்தான். வாலாஜாபாத் வரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டியிருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்து அவன் மனைவியைப் பார்க்க ஆப்பிளோடு போனேன். ஊசியால் தொட்டால் விரல் நுனியில் தெரிகிறதாம். கட்டுப் போட்டிருந்தது இடது கையில். இத்தனை வருடம் அவர் கையால் காபி வாங்கிக் குடித்தவன், எந்தக் கை என்று ஒரு தடவை கேட்டதில்லை. நான் படித்ததை நண்பன் வரி பிசகாமல் வீட்டில் சொல்லியிருந்தான். விளக்கு எரிந்தது என்னால்தான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எரிஞ்சதே நல்லதுண்ணா" என்றார் அவர். "டாக்டரு அதப் படிச்சிருந்தா நல்ல கைய அறுத்திருப்பாரு."