வலப்பக்க இரைச்சல்

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு டர்ன்டேபிள் இருக்கிறது. ஐம்பது வயதில் ஆசைப்பட்டு நானே வாங்கியது. கிண்டியில் ஆபீஸ் முடிந்து, ரயிலில் நசுங்கி வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு ஒரு இசைத்தட்டு போட்டால்தான் எனக்கு அன்றைய பொழுது முடியும். பள்ளிக்கூட ஆசிரியையான என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், வலது பக்கம் பாட்டு பிசிறடிக்க ஆரம்பித்தது. 'ச' வரும் இடமெல்லாம் சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்த மாதிரி சீறியது. ஊசி தேய்ந்துவிட்டதென்று அப்போதுதான் புதிய கார்ட்ரிட்ஜ் மாட்டியிருந்தேன். ஊசியைத் தாங்கும் அந்தச் சின்னப் பெட்டி கொஞ்சம் கோணினாலும் பாட்டு இப்படித்தான் கெடும். அதனால் என் சந்தேகம் வேறெங்கும் போகவில்லை. காது அடைத்த மாதிரியும் இருந்தது. ஜன்னலோரக் காற்று, சளி என்று விட்டுவிட்டேன்.

கோணலைச் சரிசெய்ய ஓர் அட்டை உண்டு. அதை டர்ன்டேபிளில் வைத்து, அதிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் ஊசிமுனையை இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் பெட்டி அட்டையின் கோடுகளுக்கு நேராக நிற்க வேண்டும். ஒன்றில் நின்றால் மற்றதில் விலகும். திருகைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, மறுபடி முடுக்குவேன். முடுக்கும்போதே நகர்ந்துவிடும். விடுமுறை நாளெல்லாம் பூதக்கண்ணாடியும் கையுமாகக் குனிந்தே கிடந்தேன்.

"எனக்கு நல்லாத்தாங்க கேக்குது" என்றாள் மனைவி.

"உனக்கு அந்த வித்தியாசம் தெரியாது."

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு புள்ளிகளிலும் பெட்டி அச்சாக நேரே நின்றது. பாட்டைப் போட்டு ஹெட்போனை மாட்டினேன். வலப்பக்கம் அதே சீறல். கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். கோளாறு கார்ட்ரிட்ஜில் என்றால் சத்தம் இடது காதுக்கு வர வேண்டும். வரவில்லை. வலது காதிலேயே சீறிக்கொண்டிருந்தது. மறுபடியும் திருப்பினேன். அங்கேயேதான்.

மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். "வலது பக்கம் எப்படிக் கேக்குது?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். ஏங்க, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

குரோம்பேட்டையில் காது டாக்டர் அம்மா என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். முடித்ததும், "எப்போலேருந்து சார் இப்படி?" என்று கேட்டார்.

"மழைக்காலத்துலேருந்து."

பேனாவைக் கீழே வைத்தார். "நரம்பு பாதிச்சிருக்கு. திடீர்னு வர்றது இது. உடனே, ஒண்ணு ரெண்டு வாரத்துல வந்திருந்தீங்கன்னா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம். சில பேருக்குத் திரும்பும்."

"இப்ப ஆபரேஷன் மாதிரி ஏதாவது, மேடம்?" என்றாள் மனைவி.

"அதுக்கெல்லாம் வழி இல்லம்மா. மிஷின் வெச்சுக்கலாம், பேச்சு கேக்கும். பாட்டு பழைய மாதிரி இருக்காது."

அந்த ஒன்றிரண்டு வாரமும் நான் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் மனைவி என் வலப்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். எதுவும் பிடிபடவில்லை. திரும்பச் சொல் என்று கேட்கவும் மனம் வரவில்லை.

மிஷின் வாங்கினோம். அதில் பாட்டு தகரத்தில் ஆணி கீறுவது போல இருந்தது. அது இல்லாவிட்டால் வலது காதின் சீறல் இடது காதில் கேட்பதையும் கெடுத்தது. கழற்றி வைத்துவிட்டு, "நீயாவது போட்டுக் கேள்" என்று அவளிடம் சொன்னேன்.

"நீங்க இல்லாம எனக்கு மட்டும் எதுக்குங்க?"

விடாமல் சொன்னதால் ஒருநாள் போட்டாள். நான் எதிரே உட்கார்ந்து, ஊசி சரியாக ஓடுகிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்கு" என்றாள். நிஜமாகவே நன்றாக இருந்ததா, எனக்காகச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க என்னிடம் வழியில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டாள். அதன் பிறகு நாங்கள் இருவருமே அதன் மூடியைத் திறக்கவில்லை.