அவர் வீட்டில் இருந்த வருஷம்

என் கணவர் ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எடுக்கப்போவதாகச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான். உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, மறைக்கிறார் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை.

"வீட்ல இருந்து பாக்கறேனே. பொண்ணு வளந்ததே எனக்குத் தெரியல" என்றார்.

அவருக்குச் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணமானதிலிருந்து காஞ்சிபுரத்திலிருந்தே தினமும் ரயிலில் போய்வந்தார். விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது பெண் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்குவார். நான் உள்ளூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தின் வீட்டில், மாடியில் குடியிருந்தோம். எங்கள் கல்யாணம் அப்படியே பதினைந்து வருஷம் ஓடியிருந்தது. சண்டை என்று பெரிதாக எதுவும் கிடையாது. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், அவர் விடுப்பு தொடங்கியது. அப்போது பெண் ஒன்பதாம் வகுப்பு.

முதல் மாதங்கள் நன்றாகவே போயின. அவருக்குச் சமையல் தெரியாது. கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டுக்கேட்டுக் கற்றுக்கொண்டார். மதியம் எனக்குச் சுடுசோறு கேரியரில் பள்ளிக்கூடம் வந்தது. ஆசிரியைகள் அறையில் மற்றவர்கள் மூடியைத் திறந்து பார்த்து, கொடுத்துவைத்தவள் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாலையில் வாசலில் நின்று என் பையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருப்பது புதிதாக இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பெண்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளை அழைத்துவர அவர் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். இரண்டாம் நாளே அவள், "நீங்க வராதீங்கப்பா. உங்கப்பாவுக்கு வேலை போயிடுச்சான்னு எல்லாரும் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து போகவில்லை. அவளுடைய சைக்கிள் சங்கிலி கழன்றால் மாட்டித்தருவதற்கு, ஜுரம் வந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவதற்கு எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் இருந்தார், நான் இருந்தேன். தனக்கு என்று ஒரு வேலை அந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று அவர் தேடியபடி இருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அவர் வாசலில் இல்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். நறுக்கின காய் தட்டிலேயே இருந்தது.

"கீழ்வீட்டு அம்மா ஒண்ணு சொன்னாங்க" என்றார்.

கீரை ஆய்ந்தபடி அந்த அம்மா பேச்சுவாக்கில் சொன்னது இது: "அப்ப அந்தப் புள்ள தங்கியிருந்தா இந்நேரம் ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கும் சார். டீச்சரம்மா அன்னிக்கிப் பட்ட பாடு இருக்குதே." அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை.

நடந்தது உண்மை. எங்கள் பெண் மூன்றாம் வகுப்பு படித்தபோது நான் மறுபடி உண்டாகியிருந்தேன். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த ஞாயிறு அவருக்கு அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணம். அடுத்த வாரம் பள்ளியில் கரும்பலகை முன்னால் நிற்கும்போதே வலி கண்டது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கீழ்வீட்டு அம்மா தறியை விட்டு எழுந்துவந்து ரிக்‌ஷாவில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வந்தபோது நான் படுத்திருந்தேன். உடம்பு சரியில்லை என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். அவர் சாப்பிட்டுப் படுத்தார். காலையில் எழுந்து பார்த்தபோது சைக்கிள் இல்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொல்றதுக்கு நீங்க எப்ப இருந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை இருந்தேனே."

"தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

"எழுப்பியிருக்கலாம்ல" என்றார்.

நான் ஈரக் குடையை மூலையில் சாய்த்துவைத்தேன். அவர், "கீழ்வீட்ல எல்லாருக்கும் தெரியும். பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது அவருக்கு ஆறுதலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து, நறுக்கின காயைக் கழுவி அடுப்பில் வைத்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வருஷக்கணக்காக எனக்குள் கட்டியாக உட்கார்ந்திருந்தது கரைந்திருக்கும். அதற்குப் பதிலாக அவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். "வேற என்ன?" சாப்பிடும்போது கேட்பார், துணி மடிக்கும்போது கேட்பார். தான் இல்லாதபோது வேறு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நானும் சொன்னேன். பெண் மாடிப்படியில் விழுந்து பல் உடைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் தங்கை என்னை ஒரு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் பேசியதைச் சொன்னேன். என் அம்மா சாவதற்கு முன்னால் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். பிறகு மறுபடி, "வேற என்ன?"

சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. தெருவில் தறிக்குப் பாவு போடுகிறவர்களிடமும், பால்காரரிடமும், என்னுடன் வேலை செய்கிற ஆசிரியையிடமும் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். தெரு முழுக்க எங்கள் வீட்டைப் பற்றித் தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றை வைத்திருக்கிறது என்று நினைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போட அது ஒரு வழி. எத்தனையோ வருஷம் நான் ஏங்கிய ஆள் வீட்டிலேயே இருந்தார். நான் வெளியில் நின்றேன்.

ஒரு நாள் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அப்பாவ ஆபீஸ் போகச் சொல்லும்மா."

அவர் எங்களுக்குப் பின்னால் காய்ந்த துணியோடு நின்றிருந்தார்.

தை மாதமே, விடுப்பில் நாலைந்து மாதம் மிச்சமிருக்கும்போதே, வேலையில் சேர்ந்தார். பழையபடி ரயிலில் போய்வந்தது சில வாரங்கள்தான். அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தார். சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் போவார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு பண்டிகைகளுக்கு. பிரிந்துவிட்டோம் என்று நாங்கள் இரண்டு பேருமே யாரிடமும் சொன்னதில்லை. பெண்ணின் கல்யாணத்தில் மணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாரைவார்த்துக் கொடுத்தோம்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை அவர் அறைக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். அது ஒரு பழைய வீட்டின் பின்கட்டு, வரிசையாகச் சின்னச்சின்னக் குடித்தனங்கள். அவர் குழாயடியில் யாருக்கோ குடம் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகம் மாறவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காபி போட்டுக் கொடுத்தார். நல்ல காபி. அடுத்த அறைப் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம் என்றார். எதிர் அறைக்காரருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, கடைசி வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை.

"இங்க யார் வீட்ல என்னன்னாலும் மொதல்ல எங்கிட்டதான் வந்து சொல்லுவாங்க" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

நான் கிளம்பினபோது பேருந்து நிலையம்வரை கூடவே வந்தார். காஞ்சிபுரம் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கைக்குட்டையைப் போட்டுவிட்டு இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"தண்ணி பாட்டில் வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறேன் என்றேன். வண்டி எடுத்தது.